ஒரு மியூசிக் பேண்டை விட்டு இன்னொரு பேண்டுக்குப் போனபோது நான் கேட்காமல் விட்ட கேள்விகள்

ஒத்திகை முடிந்து கீபோர்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. எங்களைவிடப் பெரிய பேண்ட் ஒன்றின் மேனேஜர் பேசினார். அவர்களுடைய கீபோர்ட் கலைஞர் சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறாராம். "நீங்க வாசிச்சதை ரெண்டு தடவை பார்த்திருக்கோம். எங்களோட வர்றீங்களா? ரெண்டு நாள்ல சொல்லுங்க" என்றார். எனக்குக் கை நடுங்கியது. ஆறு வருடமாக நான் வாசித்துக்கொண்டிருந்த பேண்டின் மற்ற நான்கு பேரும் பத்தடி தூரத்தில் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். யார் பேசியது என்று டிரம்மர் கேட்டான். வீட்டிலிருந்து என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யிலிருந்துதான் எல்லாமே தப்பாகப் போக ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது. இதே மாதிரி ஒரு அழைப்பு வந்து, யாரிடமும் சொல்ல முடியாமல் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால் உதவியாக இருக்கும் என்றுதான் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். அன்று எனக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

முதலில் என் பழைய குழுவைப் பற்றி. நாங்கள் ஐந்து பேர். மாதத்துக்கு ஐந்து நிகழ்ச்சிகள் வரும். வரும் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்வோம். பெரிய வருமானம் இல்லை, ஆனால் நிலையானது. அந்த நேரத்தில் எனக்கு அவர்கள் மேல் நிறையக் கோபம் இருந்தது. டிரம்மர் ஒவ்வொரு ஒத்திகைக்கும் முக்கால் மணி நேரம் தாமதமாக வருவான். பாட்டு வரிசை ஒன்றரை வருடமாக மாறவில்லை. சொந்தமாக மெட்டமைத்த நான்கு பாட்டுகள் பாதி ரெக்கார்டிங்கில் நின்றுபோயிருந்தன. பாடகருக்குப் புதிதாக எதையும் முயன்று பார்க்க மனசில்லை என்று நினைத்தேன். இதில் ஒன்றையாவது அவர்களிடம் நேராகச் சொன்னேனா என்றால், இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், வீட்டுக்கு வந்து புலம்புவேன், அவ்வளவுதான். நான் விலகிய இரண்டாவது மாதமே அவர்கள் ஒத்திகையை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டார்களாம். டிரம்மருக்கு வேலை முடியும் நேரம் அதுதான். அதற்குப் பிறகு அவன் ஒருநாளும் தாமதமாக வரவில்லை என்று கேள்விப்பட்டபோது வயிற்றைப் பிசைந்தது. ஒரு வருடம் நான் மனசுக்குள் வைத்துப் புழுங்கிய விஷயம் ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்திருக்கிறது.

அதனால் நான் சொல்லும் முதல் விஷயம் இது. புதிய அழைப்புக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், பழைய குழுவில் உங்களுக்குப் பிடிக்காததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இதை அவர்களிடம் எத்தனை முறை நேராகச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதுங்கள். பூஜ்யம் என்று வரும் குறைகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு மூன்று முறை பொறுமையாகச் சொல்லியும் மாறாதவை இருந்தால், அவை உண்மையான காரணங்கள். நீங்கள் வாசிக்க விரும்பும் இசைக்கே அந்தக் குழுவில் இடமில்லை என்றால் அதுவும் உண்மையான காரணம்தான். அப்படி இருந்தால் போகத்தான் வேண்டும். எதற்காகவும் பழைய குழுவை விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கோபத்தில் இருக்கும் மனசுக்கு எந்தக் கதவு திறந்தாலும் அது வாசலாகத்தான் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அடுத்தது அந்த இரண்டு நாள் கெடு. கெடு என்றதும் நான் பயந்துவிட்டேன். கூடுதலாக ஒரு நாள் கேட்டால்கூட வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அழைத்துச் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது புரிகிறது: நிரந்தரமாக ஒருவரைச் சேர்க்க நினைக்கும் குழுவால் இரண்டு வாரம் காத்திருக்க முடியும். முடியாது என்றால், ஏதோ ஒரு தேதியில் நிகழ்ச்சி இருக்கிறது, கீபோர்டுக்கு ஆள் இல்லை என்று அர்த்தம். அப்படியானால், "அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் வந்து வாசித்துக் கொடுக்கிறேன். சேர்வதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்" என்று சொல்லலாம். அவர்களுடைய அவசரமும் தீரும், உங்களுக்கும் உள்ளே இருந்து பார்க்க வாய்ப்பு கிடைக்கும். இது எங்கும் நடக்கிற விஷயம்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற புகழ்பெற்ற ராக் பேண்ட் 1975இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம் போனபோது கிட்டார் வாசிக்க ரோனி வுட் போனார். அப்போது அவர் ஃபேசஸ் என்ற பேண்டின் உறுப்பினராகவே இருந்தார். அந்த வருடக் கடைசியில் ஃபேசஸ் கலைந்த பிறகுதான் அவர் முழுவதுமாக ஸ்டோன்ஸுக்கு வந்தார்.

அவருடைய கதையில் எனக்கு அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மேடையிலும் படங்களிலும் அவர் உறுப்பினராகவே தெரிந்தாலும், வருமானத்தில் முழுப் பங்குதாரராக ஆனது பல வருடம் கழித்துத்தான். அதுவரை சம்பளம் வாங்கி வாசித்தார். இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் நாம் எந்த வகையில் உள்ளே போகிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நான் மேனேஜரிடம் கேட்டது இரண்டே கேள்விகள்தான். ஒரு நிகழ்ச்சிக்கு எவ்வளவு? மாதத்துக்கு எத்தனை நிகழ்ச்சி? பழைய குழுவில் கிடைப்பதைப் போல இரண்டு மடங்கு, மாதத்துக்கு எட்டு நிகழ்ச்சி வரை வரும் என்றார். மனசுக்குள் கணக்குப் போட்டேன், தலை சுற்றியது. நான் உறுப்பினரா, சம்பளத்துக்கு வாசிக்கும் ஆளா என்று கேட்கத் தோன்றவே இல்லை. "எங்களோட வர்றீங்களா" என்ற வார்த்தையிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய குழுவிடம் நான் சொன்ன விதத்தை எழுதும்போது இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நேரில் சொல்லத் தைரியம் இல்லை. பாடகருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினேன். அவர் எனக்கு அண்ணன் மாதிரி. மேடை ஏறத் தெரியாத காலத்தில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி வாசிக்கவைத்தவர். அவர் திருப்பி ஒரே வரிதான் எழுதினார்: "நேர்ல சொல்லியிருக்கலாமே தம்பி." மற்ற மூன்று பேருக்கும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அடுத்த மூன்று வாரத்தில் எங்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகள் பேசி முடித்திருந்தார்கள். புதிய குழுவின் ஒத்திகை அதே நாட்களில் இருந்ததால் நான் வர முடியாது என்றேன். ஒன்றை ஆள் பிடித்துச் சமாளித்தார்கள். இன்னொன்றை ரத்து செய்து முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். டிரம்மர் அழைத்து, "போறது உன் இஷ்டம்டா. ஆனா அந்த ரெண்டு ஷோ முடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு வருடம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் எல்லாம் இப்படித்தானே போனார்கள் என்று நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1962 ஆகஸ்டில் பீட்டில்ஸ் பேண்டில் சேர்ந்தபோது, ரோரி ஸ்டார்ம் அண்ட் த ஹரிக்கேன்ஸ் என்ற தன் பழைய குழுவைக் கோடைக்கால நிகழ்ச்சிகளின் நடுவில், சில நாள் அவகாசத்தில் விட்டுவிட்டுத்தான் வந்தார். அவர் எடுத்த முடிவு சரியா என்று இன்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பழைய குழு அதற்குப் பிறகு ஒரு டிரம்மர் மாற்றி ஒரு டிரம்மர் என்று தேடிக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அதோடு, ஜெயித்தவர்களின் கதைதான் நம் காதுக்கு வரும். அதே மாதிரி அவசரமாகக் கிளம்பி, போன இடமும் நிலைக்காமல் போனவர்களைப் பற்றி யாரும் எழுதிவைப்பதில்லை.

விலகுவது என்று முடிவாகிவிட்டால், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து நேரில் சொல்லுங்கள். வேறு யார் மூலமாகவும் அவர்களுக்குத் தெரியக்கூடாது. இசைக்காரர்கள் வட்டம் மிகச் சின்னது, இரண்டு நாளில் செய்தி பரவிவிடும். பேசி முடித்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் வாசித்துக் கொடுங்கள். புதிய குழு அதற்குச் சம்மதிக்காவிட்டால், நாளைக்கு உங்களை அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதற்கு அதுவே அடையாளம். அடுத்து வரும் ஆளுக்காக ஒவ்வொரு பாட்டின் கார்டுகளையும் (ஒன்றாகச் சேர்த்து வாசிக்கும் ஸ்வரங்கள்), எந்த இடத்தில் எந்த சவுண்ட் மாற வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். நான் ஆறு வருடத்தில் உருவாக்கி வைத்திருந்த சவுண்ட் செட்டிங்குகள் எல்லாம் என் கீபோர்டிலேயே இருந்தன. அவற்றை நகல் எடுத்துக் கொடுக்க அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கொடுக்காமலே போனேன். எனக்குப் பிறகு வந்த பெண் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்ததாம்.

சரி, புதிய குழுவுக்கு வருகிறேன். 18 நாளில் 42 பாட்டுகள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல், ரெக்கார்டிங்கில் இருக்கும் ஸ்கேலில் (சுருதியில்) அவர்கள் மேடையில் பாடுவதில்லை. பாடகியின் குரலுக்கு ஏற்ப அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கியிருந்தார்கள். ரெக்கார்டிங்கைக் கேட்டுப் பயிற்சி செய்துவிட்டு முதல் ஒத்திகைக்குப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. பத்து நாள் உழைப்பில் பாதியைத் திரும்பச் செய்தேன். மேடையில் எப்படி வாசிக்கிறீர்களோ அந்தப் பதிவையே அனுப்புங்கள் என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அந்த 18 நாளுக்கும் பணம் கிடையாது. அதுவும் நான் கேட்காமல் விட்டதுதான்.

இன்னொன்று, அவர்கள் கிளிக் வைத்து வாசிப்பவர்கள். எல்லோர் காதிலும் இன்-இயர் மானிட்டர், அதில் வேகம் மாறாமல் இருக்க மெட்ரோனோம் 'கிளிக், கிளிக்' என்று தட்டிக்கொண்டே இருக்கும், லேப்டாப்பிலிருந்து முன்பே பதிவு செய்த டிராக்குகள் ஓடும். எனக்கு அது புதுசு. இன்-இயர் செட் வாங்கினேன். என் கீபோர்ட் போதாது என்று சொன்னதால் கடன் வாங்கிப் புதிதாக ஒன்று வாங்கினேன். இரண்டுக்கும் சேர்த்து ஆன செலவு, பழைய குழுவில் நான்கு மாதம் வாசித்தால் எனக்கு வரும் மொத்தப் பணம். இன்-இயர் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கிளிக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டிக் கூட்டி, மூன்றாவது மாதம் எனக்குக் காதில் ரீங்காரம் வந்துவிட்டது. 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பதுதான் காது பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான். எங்கள் நிகழ்ச்சி இரண்டரை மணி நேரம்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கிய விஷயம் வேறு. டிராக்குகளில் என்ன இருக்கிறது என்று இரண்டாவது ஒத்திகையில் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். பியானோ, வயலின் அடுக்குகள், பாட்டின் தொடக்கத்தில் வரும் முக்கியமான மெட்டு என்று கீபோர்டில் வாசிக்க வேண்டியதெல்லாம் ஏற்கனவே லேப்டாப்பில் இருந்தது. எனக்கு மிஞ்சியது பின்னணியில் நீளமாகப் பிடித்து வைக்கும் கார்டுகளும், இரண்டு பாட்டில் வரும் சின்ன சோலோவும்தான். பழைய குழுவில் ஒரு பாட்டு எப்படி ஆரம்பிக்கும், எங்கே அடங்கும், எங்கே எழும் என்பதில் என் கை இருந்தது. இங்கே ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால், நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தட்ட ஒன்றுமே வாசிக்காமல் நின்றேன். முதல் நிகழ்ச்சி முடிந்த ராத்திரி எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். நான் அறைக்குப் போய் அழுதேன். ஏன் அழுகிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இரண்டு குழுக்களையும் நான் எடை போட்டது மேடையை வைத்து, கூட்டத்தை வைத்து, பணத்தை வைத்து. அங்கே எனக்கு என்ன இடம், இங்கே எனக்கு என்ன இடம் என்று எடை போடவே இல்லை. பெரிய குழுக்களில் இது புதிதும் இல்லை. பேஸ் கிட்டார் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் 1986இல் மெட்டாலிகா என்ற பெரிய மெட்டல் பேண்டுக்குப் போவதற்கு முன்னால் ஃப்ளாட்சம் அண்ட் ஜெட்சம் என்ற குழுவை முன்னின்று நடத்தியவர். பாட்டு வரிகளை அதிகமாக எழுதியதும் அவர்தான். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் அவருடைய பேஸ் கிட்டார் காதில் விழுவதே அரிது. ரசிகர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர் அங்கே 14 வருடம் இருந்தார், புகழும் பெற்றார். 2001 ஜனவரியில் விலகினார். வெளியே தனியாக இன்னொரு குழுவில் இசை செய்ய விரும்பியதில் வந்த உரசலும் அதற்கு ஒரு காரணம். இது எனக்கு முன்பே தெரிந்த கதைதான், பலரிடம் சொல்லியும் இருக்கிறேன். என் விஷயத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தெரியவில்லை.

ஆகவே சரி என்று சொல்வதற்கு முன்னால் அந்தக் குழுவின் ஒரு முழு ஒத்திகையில் போய் ஓரமாக உட்காருங்கள். முடிந்தால் ஒரு நிகழ்ச்சிக்கும் கூடவே போங்கள், சவுண்ட் செக்கிலிருந்து கடைசியில் சாமான் ஏற்றுவது வரைக்கும். உங்கள் வாத்தியத்தை இப்போது வாசிப்பவர் என்ன வாசிக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அவர் ஒரு யோசனை சொன்னால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். அவரிடமே தனியாகப் பேச முடிந்தால் இன்னும் நல்லது. எனக்கு முன்னால் இருந்தவரை நான் ஒருமுறை அழைத்துக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். அவர் ஒளிக்கிற ஆள் இல்லை, பின்னால் பேசியபோது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார்.

பணக் கணக்கு எப்படிப் போனது என்றும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மாதத்துக்கு எட்டு வரை என்றார்கள். 11 மாதத்தில் நடந்தவை மொத்தம் 31. தேதியை ஒதுக்கி வையுங்கள் என்று சொல்லிப் பிறகு ரத்தானவை ஒன்பது. அவற்றுக்கு எதுவும் கிடையாது, அந்தத் தேதிகளில் வேறு யாருக்கும் வாசிக்கவும் முடியாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முந்தின நாளே கிளம்ப வேண்டும். பழைய குழுவில் ஒரு நிகழ்ச்சிக்குப் போக வர எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் ஆகும். இங்கே முழுசாக இரண்டு நாள். மணிக் கணக்கில் பார்த்தால் எனக்குப் பழைய குழுவில் கிடைத்ததில் பாதிகூட இல்லை. கருவிகளுக்கு ஆன செலவைக் கழித்துப் பார்த்தால், பழைய இடத்திலேயே அந்த 11 மாதம் இருந்திருந்தால் வந்திருக்கும் பணத்தில் முக்கால் பங்குதான் கையில் மிஞ்சியது. வரப்போகும் ஆறு மாதத்தில் எத்தனை நிகழ்ச்சி என்று கேட்டால் யாராலும் தங்கள் எதிர்பார்ப்பைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். போன ஆறு மாதத்தில் எத்தனை நடந்தது, எத்தனை ரத்தானது என்று கேளுங்கள். ரத்தானால் வாசிப்பவர்களுக்கு என்ன கொடுப்பீர்கள் என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது மாதம் பழைய நண்பர் ஒருவர், ஒரே ஒரு நாள் அவசரத்துக்கு வந்து வாசிக்கச் சொல்லி அழைத்தார். போகலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். "நம்ம பேண்டோட பேர் இருக்கு, வேற இடத்துல வாசிக்க வேண்டாம்" என்றார். அதே வாரம் குழுவின் புதிய போஸ்டர் வந்தது. அதில் நான்கு பேர் மட்டும்தான் இருந்தார்கள். நானும் இந்தக் குழுவின் டிரம்மரும் இல்லை. கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் டூரிங் ஆளுங்கதானே?" என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார்கள். நான் உறுப்பினர் இல்லை என்பது ஐந்து மாதம் கழித்து அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வேறெங்கும் வாசிக்கக் கூடாது என்று ஒரு குழு சொல்கிறதென்றால், மாதத்துக்கு இவ்வளவு என்று நிச்சயமான ஒரு தொகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி இருந்தால்தான் பணம், ஆனால் வேறு எங்கும் போகக் கூடாது என்ற இரண்டையும் ஒன்றாக ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நான் ஏற்றுக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். திரும்பிப் போக இடத்தை நானே இல்லாமல் செய்துகொண்ட பிறகு, எதையும் மறுத்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

இதற்கிடையில் பழைய குழு அந்த நான்கு பாட்டுகளையும் ரெக்கார்டிங் முடித்து வெளியிட்டது. இரண்டு பாட்டின் மெட்டு நானும் பாடகரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டது. வெளியானபோது என் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது? எங்களுக்குள் எதுவும் எழுத்தில் இல்லை. ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன என்பதை அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வரியும் மெட்டும் சேர்ந்த படைப்புக்கு ஒன்று, அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. பதிவில் நான் வாசிக்கவில்லை என்பதால் மெட்டில் எனக்கிருந்த பங்கு இல்லாமல் போய்விடாது. ஆனால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தால்தான் பின்னால் பேச முடியும். இதைப் பாட்டு உருவாகும் அன்றே செய்வதுதான் நல்லது. குறைந்தபட்சம் விலகும்போதாவது செய்யுங்கள். குழுவின் பெயர் யாருடையது, சமூக வலைதளக் கணக்குகளின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, சேர்ந்து வாங்கிய மிக்சரிலும் ஸ்பீக்கரிலும் உங்கள் பங்கு என்ன என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள். எங்கள் மிக்சரில் ஐந்தில் ஒரு பங்கு என் பணம். செய்தி அனுப்பிவிட்டுப் போனவன் எந்த முகத்தோடு அதைக் கேட்பேன்?

பதினோராவது மாதம் மேனேஜர் அழைத்தார். பழைய கீபோர்ட் கலைஞர் திரும்பி வருகிறார், அடுத்த மாதத்திலிருந்து அவரே வாசிப்பார் என்றார். நன்றி சொன்னார், பாக்கி எதுவும் வைக்காமல் கணக்கை முடித்தார். அவர்கள் என்னை ஏமாற்றினார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் கேட்ட எதற்கும் அவர்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கவில்லை. அங்கே நான் பெற்றதும் உண்டு. கிளிக்கோடு வாசித்து வாசித்து என் தாளம் உறுதியானது. எந்தப் பாட்டையும் எந்த ஸ்கேலிலும் உடனே வாசிக்கிற பழக்கம் வந்தது. இன்று எனக்கு வேலை கிடைப்பதே இந்த இரண்டாலும்தான்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் கீபோர்டைத் திறக்கவே இல்லை. கடன் தவணை மட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மனசைத் தேற்றிக்கொண்டு பழைய குழுவின் ஒத்திகை முடியும் நேரத்துக்குப் போய் வெளியே நின்றேன். திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காக இல்லை. அந்த இடத்தில் வேறொருவர் இருக்கிறார், நன்றாகவும் வாசிக்கிறார். அந்த இரண்டு நிகழ்ச்சிக்கும், நேரில் சொல்லாததற்கும் மன்னிப்புக் கேட்டேன். டிரம்மர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "சாமான் ஏத்தணும், ஒரு கை பிடி" என்றான். ஸ்பீக்கரைத் தூக்கி வண்டியில் வைத்தோம். மெட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பாடகர் அண்ணன் தானாகவே அடுத்த வாரம் அழைத்து, இரண்டு பாட்டிலும் என் பெயரைச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். மெட்டில் பாதி என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொண்டோம். சவுண்ட் செட்டிங்குகளை அன்று இரவே அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன்.

இப்போது மூன்று குழுக்களுக்கு, அவர்களுடைய ஆள் வர முடியாத நாட்களில் போய் வாசிக்கிறேன். போன மாதம் நான்காவதாக ஒரு குழுவிடமிருந்து அழைப்பு வந்தது, நிரந்தரமாகச் சேரச் சொல்லி. இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். உறுப்பினரா, சம்பளமா என்று கேட்டேன். முதல் ஆறு மாதம் சம்பளம், பிறகு இரண்டு தரப்புக்கும் பிடித்திருந்தால் சம பங்கு என்று எழுதியே அனுப்பினார்கள். ஒத்திகையில் போய் உட்கார்ந்து கேட்டேன். டிராக்கில் கீபோர்ட் இல்லை. வாசித்துக்கொண்டிருக்கும் மூன்று குழுக்களிடமும் இந்த அழைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வரும் சனிக்கிழமை அந்த நான்காவது குழுவோடு ஒரே ஒரு நிகழ்ச்சி, மாற்று ஆளாக. அதை முடித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்றேன், அவர்களும் சரி என்றார்கள். எந்த ஸ்கேலில் பாடுவார்கள் என்று எழுதிய தாள் என் கீபோர்டின் மேல் இருக்கிறது. இன்னும் ஏழு பாட்டு பாக்கி.